உ, சாய்கோடு, தெலுங்கு, சாய்கோடு, ஏகாதசி

உ

டீச்சருக்கு,

இன்று காலை அங்கே யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். விசாலி ஏதோ கனவு கண்டிருக்கிறாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் இருந்தேன். அடையாறிலிருந்து ஆபீஸ் போகிற வழியில் இறங்கிய உங்கள் பெண் பத்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கடைக்காரர் சம்பத், கையில் சாம்பிராணித் தட்டோடு எங்களுக்குப் பின்னால் நின்றார். மூலை மிஷினில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு காலேஜ் பெண். அவள் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், நான்கு பேர். சுவரில் மாட்டியிருக்கிற கற்பகாம்பாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவளிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சாம்பிராணி வாசனைதான் முதலில் என்னை என்னவோ செய்தது. உங்களுக்குத் தெரியுமே, சம்பத் இன்னமும் காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் புகை காட்டுகிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தபோது ரெமிங்டன்களுக்குக் காட்டியவர், இப்போது இதற்குக் காட்டுகிறார். "ஏன் சம்பத், கம்ப்யூட்டருக்கு ஜலதோஷமா?" என்று முதல் நாளே கேட்டீர்கள். "வைரஸ் வருதுன்றாங்களே டீச்சர், இதுக்குப் பயந்தாவது ஓடாதா" என்றார். நீங்கள் சிரித்த சிரிப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இன்று அந்தப் புகை மானிட்டரைச் சுற்றி வந்தபோது, நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வாசனை பிடிக்காமல் இல்லை. பயத்தில்.

நலமா என்று ஆரம்பிக்க எனக்குத் தைரியம் இல்லை. போன வருஷம் ஐப்பசியில் காசிக்குப் போனவர் நீங்கள். இப்போது அடுத்த வருஷத்து மார்கழி நடக்கிறது. நம் கட்டிடத்தில் யாராவது உங்களைப் பற்றிப் பேசும்போது "ஹிந்தி டீச்சர் இருந்தாங்களே" என்கிறார்கள். "இருந்தாங்க" என்ற அந்த வார்த்தை காதில் விழுந்தால் நான் அங்கே நிற்பதில்லை. சரி, "இருக்காங்க" என்று திருத்தலாம் என்றால், எங்கே இருக்கிறீர்கள், யார் வீட்டு வாசலில், என்ன சாப்பிட்டுவிட்டு, சுகர் மாத்திரை இல்லாமல் எப்படி என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். அதுவும் பயம்தான். எந்தப் பக்கம் புரண்டாலும் பயம் என்று ஆகிவிட்டது.

உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

விரத நாளில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்கலாமா, கிடந்தால் எப்போது எதைச் சாப்பிடலாம் என்று ஒரு வெப்சைட் போடலாம் என்றது நீங்கள். ஒரு ஏகாதசியன்று கோயில் பிராகாரத்தில் நீங்கள் மயங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். பத்மா வந்து கத்து கத்தென்று கத்தினாள். அவள் போன பிறகு என்னிடம், "விசாலி, விரதத்தையும் விட முடியாது, டாக்டரையும் விட முடியாது. என்னைப் போல எத்தனை பேர் முழிச்சிண்டிருப்பா, அவாளுக்கு யார் சொல்றது?" என்றீர்கள். எனக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றது. கம்ப்யூட்டரை சம்பத் கடையில் நானும் நீங்களும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து, ஒருத்தர் எலியைப் பிடிக்க ஒருத்தர் எழுத்தைத் தட்ட, நாமாகத்தான் கற்றுக்கொண்டோம். எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று கணக்குப் போடுவது என் வேலை. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் நாலிலும் எழுதுவது உங்கள் வேலை. கம்ப்யூட்டரில் தெலுங்குக்கு எழுத்து கிடைக்கவில்லை. நீங்கள் மை பேனாவால் கோடில்லாத தாளில் எழுதிக் கொடுக்க, சம்பத் அதைப் படமாக எடுத்துப் பக்கத்தில் ஒட்டினார்.

அப்போதெல்லாம் பக்கங்களுக்கு நம்பர்தான் வைத்தோம். பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று. ஒரு நாள் தெலுங்கு ஏகாதசியைத் தமிழ் சஷ்டியின் மேலேயே ஏற்றிவிட்டீர்கள், இரண்டும் ஒரே நம்பர் என்பது தெரியாமல். நம் பக்கங்களின் அடியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம் அல்லவா? அதில் மலேசியாவிலிருந்து ஒரு அம்மாள், "சஷ்டியைத் திறந்தேன், ஜிலேபி வந்தது" என்று எழுதியிருந்தார். "எங்க எழுத்து உங்களுக்கெல்லாம் ஜிலேபியா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஜிலேபி என்று எழுதியது நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதினது உங்க தமிழ் ஜாதிதானே" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் முகவரியை ஒழுங்கு செய்தோம். அந்த ஒழுங்கு முழுக்க உங்கள் மூளை. முதலில் மொழியின் பேர், அப்புறம் விரதத்தின் பேர். தமிழ் வீட்டில் ஒரு ஏகாதசி, தெலுங்கு வீட்டில் ஒரு ஏகாதசி. பேர் மாறாது, வீடுதான் மாறும். ஒன்று தெரிந்தால் நாலும் தெரியும். பெரிய எழுத்து கிடையாது, நம்பர் கிடையாது, வாயால் சொல்ல முடியாத எந்தக் குறியும் கிடையாது. முகவரி சரியா தப்பா என்று பார்க்க நீங்கள் வைத்திருந்த பரீட்சை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடை போனிலிருந்து அடையாறுக்குப் பத்மாவைக் கூப்பிடுவீர்கள். "நான் சொல்றதை அப்படியே தட்டு, நடுவுல கேள்வி கேக்காதே" என்று முகவரியைச் சொல்லுவீர்கள். அவள் ஒரு தடவை "என்னம்மா?" என்று கேட்டுவிட்டாலும் அந்த முகவரி பெயில். முதலில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் பேருக்கு முன்னால் பாம்பு மாதிரி ஒரு கோடு இருந்தது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. "பாம்பு போடு" என்கிறீர்கள், அவள் "எந்தப் பாம்பும்மா?" என்கிறாள். அந்தப் பாம்புக்காகத்தான் சம்பத்தைக் கெஞ்சி அவர் கடைப்பேரிலேயே இடம் வாங்கினோம்.

அந்த ஒழுங்கில் என்னுடையது என்று ஒன்றே ஒன்றுதான். பால் கணக்கு எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. சம்பத் முதல் ஃபோல்டருக்கு என்ன பேர் என்று கேட்டபோது, "உ" என்றேன். அதற்குள்தான் மற்ற எல்லாம் போகவேண்டும் என்றேன். இங்கிலீஷில் உ வராதே என்றார் அவர். சத்தத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற யு எழுத்தைப் போட்டோம். "யு-ன்னா இன்னாம்மா, யூசரா?" என்றார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் வீட்டில் எழுத ஆரம்பித்தால் ஸ்ரீதான், சுழி கிடையாது. ஆனாலும், "போகட்டும் சம்பத், விசாலியோட பிள்ளையார் வாசல்லயே உக்காரட்டும், நமக்கென்ன இடைஞ்சல்?" என்று எனக்காகப் பேசினீர்கள்.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு தி. நகர் போனோம். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை வாசலில் திடீரென்று நின்றுவிட்டீர்கள். வெயிலுக்கு நிற்கிறீர்கள் என்று நான் நாலடி முன்னே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடை போர்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வளையல் அழுந்தியது.

"விசாலி, போர்டு தெரியறது. எழுத்தும் தெரியறது. ஆனா அது என்னன்னு சொல்ல வர மாட்டேங்கறது."

இங்கிலீஷ் போர்டு அது. பக்கத்துக் கடையில் தமிழில் இருந்ததைக் கடகடவென்று படித்தீர்கள். வெயில்தான், மோர் குடிக்கலாம் என்று நான் கூட்டிப் போனேன். பிறகு டாக்டர், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. கடைசியாகச் சேர்ந்த மொழி முதலில் போகலாம், குழந்தையில் வந்த தெலுங்கு கடைசிவரை இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். பத்மா அதை என்னிடம் மாடிப்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள். நீங்கள் வீட்டுக்குள்ளிருந்து, "என்ன படியில ரகசியம்? எது போகும் எது இருக்கும்னு எனக்கும் சொன்னார்டி" என்று குரல் கொடுத்தீர்கள்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. ஸ்லோகம் எதுவும் போகவில்லை என்றீர்கள். காலையில் குளிக்கும்போது ஒன்று விடாமல் வந்ததாம். பேச்சு தடுக்கினாலும் ராகத்தோடு இருப்பது தடுக்கவில்லையாம். "அதனால நம்ம அட்ரஸையும் ராகத்துல போட்டுட்டேன், கேளு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள். சம்பத் கடைப்பேர், புள்ளி, காம். சாய்கோடு, உ. சாய்கோடு, தெலுங்கு. சாய்கோடு, ஏகாதசி. சகஸ்ரநாமம் சொல்கிற அதே நடையில். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்து, "சிரிக்காதே. நான் எங்கயாவது தொலைஞ்சு போனா இதைச் சொல்வேன். யாராவது தட்டிப் பார்ப்பா. அங்க நீ இருப்பே" என்றீர்கள்.

அங்க நீ இருப்பே. டீச்சர், இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

யாத்திரை கோஷ்டியோடு நீங்கள் கிளம்பியபோது யாருக்கும் பெரிய பயம் இல்லை. தமிழும் ஹிந்தியும் தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். "காசியில உன் பேர்க்காரி விசாலாட்சியைப் பார்த்து, உன் வண்டவாளத்தையெல்லாம் சொல்லிட்டு வரேன்" என்று ஆட்டோவில் ஏறினீர்கள். காசியில் எல்லாம் நன்றாகத்தான் நடந்ததாம். திரும்பும் வழியில் இட்டார்சி ஜங்ஷனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறீர்கள். வண்டி நகர்ந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் கோஷ்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு பெட்டியில் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்தார்களாம். மாப்பிள்ளை இட்டார்சிக்குப் போய் அலைந்து திரும்பினார். உங்கள் செம்பு மட்டும் குழாயடியில் கிடைத்தது. அது இப்போது பத்மா வீட்டு சுவாமி அலமாரியில் இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை.

நோட்டீஸ் அடித்தோம். போட்டோ, அடையாளம், பத்மாவின் போன் நம்பர், கூடவே இன்டர்நெட் முகவரி. கண்டெடுக்கிறவர் ஹிந்திக்காரராக இருக்கலாம், ஆந்திராக்காரராக இருக்கலாம், போலீஸ் என்றால் இங்கிலீஷ் கேட்பார்கள் என்று நாலு மொழியிலும் பக்கம் போட்டோம். நீங்கள் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில்தான். நோட்டீஸுக்கு வேண்டிய முகவரி சுவரில் பார்த்தவன் பஸ் ஏறி இறங்கும்வரை மனதில் நிற்கவேண்டும், அதில் அர்த்தமில்லாத ஒரு எழுத்து எதற்கு என்று சம்பத் கேட்டார். நியாயம்தான். நோட்டீஸ் பக்கங்களுக்கு மட்டும் உ இல்லாமல் வைத்தோம். பழைய விரதப் பக்கங்கள் உ-வுக்குள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும், "டீச்சர், நீங்கள் எங்கே இருந்தாலும் இதன் அடியில் எழுதுங்கள், விசாலி இங்கேதான் இருக்கிறேன்" என்று போட்டேன். தெலுங்குப் பக்கத்துக்கு, நீங்கள் எழுதியதிலிருந்தே ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பார்த்து வரைந்தேன். கோலம் மாதிரி வரைந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

நோட்டீஸ் பக்கத்தில் நிறையப் பேர் எழுதினார்கள். கயாவில் பார்த்தோம், திருப்பதி க்யூவில் பார்த்தோம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளையோ யாரோ ஓடினார்கள். சில பேர் போனில் கூப்பிட்டு, உங்க அம்மா எங்ககிட்டதான் இருக்கா என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தார்கள். பத்மா நடுங்கிப் போனாள். போன் அடித்தால் குழந்தையைவிட்டு எடுக்கச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பக்கத்தைத் திறப்பதே தினமும் ஒரு கண்டம். ஆனால் திறக்காமல் இருந்தால் அதைவிடப் பயம். உ-வுக்குள் இருக்கிற பக்கங்களை மட்டும் நான் அதிகம் திறக்கவில்லை. அங்கே உங்கள் கையெழுத்து இருக்கிறது.

இப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பி எல்லாம் நின்றுபோகும் என்கிறார்கள். சம்பத்தும் பயந்துபோய் தி. நகரில் ஒரு கம்பெனியைப் பிடித்து, தன் வெப்சைட் முழுவதையும் புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டார். போன வாரம் எனக்கு அதைப் பெருமையாகக் காட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில் இருக்குமாம், கேட்டால் எடுத்துக் கொடுக்குமாம். நல்லதுதான். முகவரி எப்படி என்று கேட்டேன். காட்டினார். கேள்விக்குறி, ஐடி, சமம், ஒரு நம்பர், கொக்கி மாதிரி ஒரு குறி, மொழி, சமம், இன்னொரு நம்பர். மொழிக்குப் பேர் இல்லை, நம்பர். விரதத்துக்கும் நம்பர்.

தெலுங்கு எந்த நம்பர் என்றேன். மூணோ நாலோ என்றார். நம்பரே போடாவிட்டால், வந்தவரின் கம்ப்யூட்டர் எந்த மொழியோ அதிலேயே பக்கம் தானாகத் திறக்குமாம். டீச்சர், இந்த ஊரிலாகட்டும், ஆந்திராவிலாகட்டும், எந்தக் கம்ப்யூட்டர் இங்கிலீஷ் இல்லாமல் இருக்கிறது? யாரோ ஒரு புண்ணியவான் உங்களைத் தன் கடையில் உட்கார வைத்து, நீங்கள் ராகம் போட்டுச் சொல்லச் சொல்லத் தட்டினால், முதலில் "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று வரும். அவர் விடாமல் கடைப்பேரை மட்டும் தட்டினால் இங்கிலீஷ் வரும். பாண்டி பஜார் போர்டைப் பார்த்தது போல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பிடித்துக்கொள்ள மணிக்கட்டுகூட இருக்காது.

பழைய முகவரிகளை அப்படியே வைக்கச் சொன்னேன். "இன்னாம்மா பண்றது, ரெண்டையும் வச்சுக்கினு இருந்தா குழப்பம்ன்றான் கம்பெனிக்காரன்" என்றார். பத்மாவும் அவர் பக்கம்தான். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்பு. ஒரு வருஷம் ஆயிற்று ஆன்ட்டி, அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம், போன் வருவதாவது நிற்கும் என்றாள். ஊரில் பெரியவர்கள் வேறு என்னென்னவோ செய்யவேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். என்ன செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அம்மாவின் கையெழுத்தைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்துதான் இன்று காலை போனோம்.

நான் முகவரியை வாய்விட்டுச் சொன்னேன், பத்மா தட்டினாள். உங்கள் மை பேனா எழுத்து மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. பத்மா எழுத்து வரும் இடத்தில் விரலை வைத்திருந்தாள். அவளுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது, இருந்தாலும் விரலை எடுக்கவில்லை. பக்கத்தின் அடிக்கு வந்தோம். மலேசியா அம்மாள் பிறகு தெலுங்குப் பக்கத்தையும் தேடிவந்து, ஜிலேபிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாரே, அது இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று. எழுதியவர் பேர் இல்லை. ஊர் இல்லை. செய்தி என்ற இடத்தில் ஒரே ஒரு எழுத்து.

யு.

தேதியைப் பார்த்தேன். வருகிற ஜனவரி மாதத்துத் தேதி. இன்னும் பிறக்காத வருஷம், இன்னும் வராத நாள்.

வராத நாளிலிருந்து யார் எழுதுவார்கள்? நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்கு எழுத மாட்டேன். பத்மாவும் அதையேதான் நினைத்தாள் என்பது அவள் என் முகத்தைப் பார்க்காததிலிருந்து தெரிந்தது. சம்பத்துதான் சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துச் சொன்னார். இரண்டாயிரத்துக்குத் தாங்குகிறதா என்று பார்க்க, கம்பெனிக்காரர்கள் போன வாரம் சில நாள் வெப்சைட் இருக்கிற மிஷினில் தேதியை முன்னால் தள்ளி வைத்திருந்தார்களாம். அந்த நாட்களில் யார் எதை எழுதினாலும் அடுத்த வருஷத்துத் தேதிதான் விழும். அப்படியென்றால் இது எழுதப்பட்டது போன வாரம்.

எனக்கு மூச்சு வந்தது. உடனே அவரே, "டெஸ்ட் பண்ற பையன் எவனாவது ஒரு கீயைத் தட்டியிருப்பான்மா, மனசுல ஆசையை வளத்துக்காதீங்க" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டும் கேட்டார். சோதனை செய்தவன் வழக்கமாக வேறு ஏதேதோ அடிப்பானாம், இதை அடித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை என்றானாம். ஞாபகம் இல்லை. யாருக்கு ஞாபகம் இருந்தால் எனக்கு வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் இல்லை.

அப்புறம் பத்மா, ஒரு வருஷமாக என்னிடம் பேசாத குரலில் பேசினாள்.

"ஆன்ட்டி, அம்மா எனக்கு எழுதின லெட்டர்ல எல்லாம் மேல ஸ்ரீதான் இருக்கும். உ போட்டதே கிடையாது. இந்த இடத்துல மட்டும்தான், உங்களுக்காகத்தான் ஒத்துண்டா. இது அம்மாவா இருந்தா, உங்களுக்கு எழுத ஆரம்பிச்சிருக்கா."

ஆரம்பித்து, மேலே வரவில்லையா டீச்சர்? அந்தக் கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தானே ஏறும். பாண்டி பஜாரில் போன எழுத்துக்களில் இது ஒன்று மட்டும் தங்கியிருந்ததா? இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தவருக்குப் பொறுமை போய்விட்டதா? கரண்ட் போயிற்றா? உங்களை யாராவது கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்களா? இப்படியே யோசித்துக்கொண்டு போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. அந்தப் பையன் தட்டியது என்றே இருக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பத்மா சம்பத்தைத் திரும்பிப் பார்த்து, அந்த ஃபோல்டரை எடுக்கக் கூடாது என்றாள். கெஞ்சவில்லை, அப்படியே சொன்னாள். அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எவன் எடுக்கறான்? ரோட்டை அகலப்படுத்தறவன்கூட பிள்ளையாரை வுட்டுட்டு அந்தாண்ட இந்தாண்டதான் போடறான். புது சிஸ்டம் அது பாட்டுக்கு ஓடட்டும். இது வாசல்ல கெடக்கட்டும்மா" என்றார்.

சொன்னபடியே செய்துவிட்டார். சாயங்காலம் அவர் கடையில் இல்லாத நேரம் பார்த்து நானே போய்த் தட்டிச் சரிபார்த்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். உ-வுக்குள் நாலு வீடும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஏகாதசி இருக்கிறது. இரண்டாயிரம் பிறக்கும்போது நிற்காமல் இருக்கவேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை கற்பகாம்பாளுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்காக மாவிளக்கு வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீங்கள் இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

நாளையிலிருந்து பரீட்சையையும் மறுபடி ஆரம்பிக்கப் போகிறோம். தினமும் காலையில் பத்மா ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்வாள். நான் உங்கள் ராகத்தில் முகவரியைச் சொல்வேன், அவள் நடுவில் கேள்வி கேட்காமல் தட்டுவாள், பக்கம் திறந்தால் போனை வைத்துவிடுவோம். ராகம் எனக்கு இப்போது சமைக்கும்போதும் வருகிறது, பிராகாரம் சுற்றும்போதும் வருகிறது. ஸ்லோகத்தோடு கலந்துவிடுகிறது. அம்பாள் மன்னிப்பாள். பயமும் கூடவே வருகிறது, அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் வரும்போது நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம் மட்டும் இன்றைக்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை என் கையெழுத்திலேயே படம் எடுத்து, அந்த எழுத்துக்கு நேர் கீழே ஒட்டச் சொல்லப் போகிறேன். தமிழ் உங்களிடம் இன்னும் இருக்கிறது என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவேளை அதுவும் போயிருந்தால் என்று, தலையில் இரண்டு வரி தெலுங்கில் வரைந்திருக்கிறேன். உங்கள் எழுத்திலிருந்தே எடுத்தது. ஜிலேபி கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் யார் இருக்கிறாரோ, அவரைத் தட்டச் சொல்லுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் படித்துச் சொல்ல இங்கே ஆள் பிடித்துக்கொள்கிறேன். ஊர் பேர் மட்டும் போதும். அதுவும் முடியாவிட்டால் இன்னும் ஒரு எழுத்து. சுழி போட்டாயிற்று டீச்சர், அதற்கு அடுத்ததைப் போடுங்கள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

விசாலி